காலிக் கோப்புறையும் கிராணியின் செக்ரோலும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஈப்போவில் உள்ள சின்ன கேம் நிறுவனம் ஒன்றின் பில்ட் கணினி அவர் பொறுப்பில், டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஓடுகிறது. சாயங்கால இடிமழையில் கரண்ட் போய் பில்ட் பாதியில் நின்றிருக்கிறது. எதற்கு வம்பு என்று வொர்க்ஸ்பேஸ் கோப்புறையில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சர்வரிலிருந்து கோப்புகளை இறக்கும் ‘சிங்க்’ கட்டளையை மறுபடி கொடுத்திருக்கிறார். ‘எல்லாம் அப்-டு-டேட்’ என்று பதில் வந்தது. கோப்புறையில் ஒரு கோப்பு கூட இல்லை. “அண்ணே, சர்வர் பழுதா?”

பழுதில்லை தம்பி. உங்கள் நிறுவனம் பெர்ஃபோர்ஸ் வைத்திருக்கிறது, கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் சர்வரில் சேமித்துவைக்கும் மென்பொருள். அது இப்படித்தான் பேசும்.

பில்ட் கணினி என்றால் என்ன என்பது பலருக்குத் தெரியும். யாராவது புது நிரலை ஏற்றினால், ஜென்கின்ஸ் போன்ற ஒரு மென்பொருள் அதை இறக்கி, தொகுத்து, சோதித்து, பச்சையா சிவப்பா என்று சொல்லும். இறக்கி வைக்கும் இடம்தான் வொர்க்ஸ்பேஸ். சுவாரசியம் அந்த இறக்குதலில் இருக்கிறது.

இதே வேலை செய்யும் ‘கிட்’ (Git) மென்பொருளில் உங்கள் நகலில் என்ன இருக்கிறது என்பது சர்வருக்குத் தெரியாது, அது கவலைப்படுவதும் இல்லை. கணக்கெல்லாம் உங்கள் வட்டிலேயே இருக்கும். பெர்ஃபோர்ஸில் கணக்கு சர்வரிடம். ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸுக்கும் எந்தக் கோப்பின் எத்தனையாவது பதிப்பை அனுப்பினோம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ‘ஹேவ் லிஸ்ட்’ என்பார்கள். சிங்க் கேட்டதும் உங்கள் வட்டை அது எட்டிப் பார்ப்பதில்லை. பட்டியலையும் புதுப் பதிப்புகளையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. தோட்டத்துக் கிராணியின், அதாவது கணக்கரின், செக்ரோல் என்ற வருகைப் புத்தகம் மாதிரிதான். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, பேர் பதிந்துவிட்டால் ஆள் வேலைக்காட்டில் இருப்பதாகத்தான் கணக்கு. நடுவில் நழுவி வீட்டுக்குப் போனது புத்தகத்துக்குத் தெரியாது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? வேகத்துக்காக. கேம் நிறுவனங்களில் லட்சக்கணக்கான கோப்புகள், நூற்றுக்கணக்கான கிகாபைட் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் வட்டைத் துழாவினால் பொழுது விடிந்துவிடும். பட்டியலைப் பார்த்தால் பத்து கோப்பு மாறியிருக்கிறது, பத்தை அனுப்பு, முடிந்தது. எனக்கு இந்த வடிவமைப்பு ரொம்பப் பிடிக்கும். ஒரே நிபந்தனை, சர்வருக்குத் தெரியாமல் கோப்புகளில் கை வைக்கக்கூடாது.

காலிக் கோப்புறையாவது கண்ணுக்குத் தெரிகிறது. இதைவிட மோசம், இரண்டு கணினிகள் ஒரே வொர்க்ஸ்பேஸ் பெயரைப் பகிர்வது. முதல் கணினி புதுக் கோப்புகளை இறக்கியதும் பட்டியலில் ஏறிவிடும். இரண்டாவது கேட்டால், “ஏற்கெனவே கொடுத்தாச்சே.” அது தன்னிடம் உள்ள பழைய நிரலைத் தொகுத்துப் பச்சை விளக்கு காட்டும். சிவப்பு வந்தால் யாராவது பார்ப்பார்கள், பொய்ப் பச்சையை யார் பார்க்கப் போகிறார்கள்? வொர்க்ஸ்பேஸ் வரையறையில் ‘ஹோஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் கணினியின் பெயரைப் போட்டால் வேறு கணினியிலிருந்து அதைப் பயன்படுத்த முடியாது. ஜென்கின்ஸின் பெர்ஃபோர்ஸ் செருகியும் இதே காரணத்துக்காகத்தான் வொர்க்ஸ்பேஸ் பெயருக்குள் கணினி, வேலை, எக்ஸிகியூட்டர் எண் (ஒரு கணினியில் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடினால் ஒவ்வொன்றும் ஓடும் இடத்தின் எண்) மூன்றையும் சேர்த்துவைக்கிறது. பெயர் அசிங்கமாக நீள்கிறது என்று சுருக்கிவிடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் மூடநம்பிக்கை நுழைகிறது. ஆயுத பூசைக்குச் சர்வருக்குப் பொட்டு வைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் “பில்ட் சிவப்பானால் எல்லாத்தையும் அழி, ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணு” என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுக்கும் மந்திரம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. சில நாள் பலிக்கும், அதனாலேயே யாரும் காரணத்தைத் தேடுவதில்லை.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருவோம். சிங்க் கட்டளையோடு ‘-f’ சேர்த்தால் பட்டியலை மதிக்காமல் எல்லாவற்றையும் திரும்ப அனுப்பும். ‘கிளீன்’ என்ற கட்டளை இன்னும் நாசூக்கானது. 2014இல் வந்தது. அது நிஜமாகவே வட்டைப் பார்க்கும். தொலைந்ததை மீட்கும், மாறியதைத் திருத்தும், பட்டியலில் இல்லாததை அழிக்கும். உங்கள் கோப்புறை இப்போது காலி என்பதால் எதைக் கொடுத்தாலும் முழுசும் இறங்கியாக வேண்டும், ராத்திரியில் ஓடவிடுங்கள். இனிமேல் கரண்ட் போனால் அழிக்காமல் ‘கிளீன்’ கொடுத்தால் போதும்.

அப்புறம், தலைப்பதிப்பை, அதாவது கடைசிப் பதிப்பை, இறக்கு என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரு சேஞ்ச்லிஸ்ட் எண்ணை, அதாவது ஏற்றிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வர் தரும் எண்ணை, குறித்துக் கேளுங்கள். பில்ட் தொடங்கிய பிறகு யாராவது எதையாவது ஏற்றினாலும் எல்லாக் கணினிக்கும் ஒரே நிரல் கிடைக்கும், அந்த எண்ணை வைத்து என்றைக்கும் அதே பில்டை மறுபடி எடுக்கலாம். ஓவியர்களின் மூலக் கோப்புகள் பில்டுக்குத் தேவையில்லை என்றால், எந்தப் பாதைகளை இறக்க வேண்டும் என்று சொல்லும் வொர்க்ஸ்பேஸின் ‘வியூ’ பகுதியில் அந்தப் பாதைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுவிடுங்கள். உங்கள் ஊர் லைனில் அதுவே பாதி நேரத்தை மிச்சப்படுத்தலாம்.