ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் சூடு: பாமீர் சாலைக்குப் பைக்கைத் தயார்செய்தல்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாமீர் சாலை எனப்படும் எம்41 சாலையில் தெற்கே போனால், தஜிகிஸ்தானில் அக்-பைத்தால் கணவாய் 4655 மீட்டரில் வருகிறது. இந்தப் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டி, கூடாரம், கையுறை என்று வாரக்கணக்கில் தேடுகிறார்கள். ஆனால் பைக்கைப் படுக்கவைப்பது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்: ஏறும்போது மெலிகிற காற்று, இறங்கும்போது பிரேக்கில் சேர்கிற சூடு.

கணவாயின் உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். 20 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே 12 குதிரைத்திறன் எஞ்சினாகிவிடும். இதற்கு மருந்து கிடையாது. செயினை ஓட்டும் முன்பக்கப் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்து, 15-க்குப் பதில் 14 போட்டால், சக்கரத்துக்கு 7 சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். சுமையோடு ஏற அது நிஜமாகவே உதவும்.

எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் ஒரு சென்சார் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானாகக் குறைத்துவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் சாதாரண கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. காற்று மெலியும் வேகத்தில் பெட்ரோல் குறைவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். கடல்மட்டத்தில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றிருந்த கலவை, கணவாயில் சுமார் 11.5 ஆகிவிடும். ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், எஞ்சின் திக்கும், மைலேஜ் சரியும். ஓஷிலிருந்து தஜிகிஸ்தானின் முர்காப் ஊர் வரை 400 கிலோமீட்டருக்கு மேல். சமவெளி மைலேஜை நம்பாமல் கால் பங்கு கூட்டிப் பெட்ரோல் வைத்துக்கொள்ளுங்கள். கேனில் முழுக்க நிரப்பாதீர்கள். மேலே போகப்போக அது உப்பும், திறக்கும்போது பீய்ச்சியடிக்கும்.

தீர்வு, கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் துளையுள்ள மெயின் ஜெட்டைச் சிறியதாக்குவது. எண் என்பது துளையின் விட்டமாக உள்ள ஜெட்டுகளில், 110 இருந்த இடத்துக்குக் கணக்குப்படி 98 வர வேண்டும். ஆனால் உச்சியில் இருப்பது கொஞ்ச நேரம்தான் என்பதால் 102 அல்லது 105 போதும். கூடவே, பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் நீடில் கீழே இறங்கி, ஆக்சிலரேட்டரைப் பாதி திருகியிருக்கும்போதும் கலவை மெலியும். காற்று வேண்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அந்தச் சாலையின் தூசி பிஸ்டன் ரிங்கை அரைத்துவிடும்.

டயரில் ஒரு வேடிக்கை நடக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மேலே போகும்போது கேஜ் சுமார் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். குளிரோ அதை இழுத்துவிடுகிறது. ஓஷில் 35 டிகிரி வெயிலில் 30 வைத்தால், கணவாயில் 5 டிகிரியில் கிட்டத்தட்ட 31 காட்டும். ஆகவே பதறிக் காற்றை இறக்க வேண்டாம். காலையில், டயர் சூடாகும் முன் பார்த்தால் போதும்.

இனி இறக்கம். வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 260 கிலோ என்றால், 1000 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 25 லட்சம் ஜூல். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் கையகல டிஸ்கில் சூடாக இறங்குகிறது. அங்கிருந்து டிஸ்கை அழுத்தும் பேட், அதைத் தாங்கும் காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகையில் புதிய ஆயில் கொதிப்பது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு தரநிலை கேட்பது வெறும் 155 டிகிரி. ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ் நிற்கும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். லிவர் பஞ்சுபோல ஹேண்டில்வரை வந்துவிடும், பேட் மட்டும் நகராது. அப்படி ஆனால் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகி லிவர் திரும்பும். ஆனால் அந்த ஆயிலை இனி நம்பக் கூடாது. கிளம்பும் முன்பே முன்னும் பின்னும் புது டாட் 4 மாற்றிவிடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை. அதைக் கலக்கவே கூடாது.

இறங்கும் முறையிலும் கவனம் தேவை. ஏறியிருந்தால் எந்த கியரில் ஏறியிருப்பீர்களோ, அந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுக்க விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். பின்பிரேக் பெடலில் கால் வைத்தபடி ஓட்டுகிறவர்களுக்கு முதலில் கொதிப்பது பின்பக்க ஆயில்தான்.

சமவெளிக்கு வந்ததும் பழைய ஜெட்டையும் கிளிப்பையும் அன்றைக்கே திருப்பிப் போடுங்கள். அடர்ந்த காற்றில் சின்ன ஜெட்டோடு வேகமாக ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். மலையில் பிழைத்த பிஸ்டன் நெடுஞ்சாலையில் உருகுவது அப்படித்தான்.