"அவன் கணுக்கால் எப்படி இருக்கு?" என்று கேட்பது யார்?

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் காயம் பார்ப்பது என் வேலை. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, முட்டிக்கு ஐஸ் வைப்பது, இன்றைக்கு ஆடலாமா கூடாதா என்று டாக்டரிடமும் கோச்சிடமும் பேசுவது, இவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு பையனின் காயத்தைப் பற்றி வெளியிலிருந்து விசாரிப்பவர்கள் அவனுடைய பெற்றோரும் உள்ளூர் நிருபர்களும்தான். இப்போது முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் இன்ஸ்டாகிராமில் வந்து கேட்கிறார்கள். அக்கறையெல்லாம் ஒன்றுமில்லை, அவன் மேல் பணம் கட்டியிருக்கிறார்கள்.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்துக்கு 1992 முதல் இருந்த கூட்டரசுத் தடையைச் செல்லாது என்றது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, இன்றைக்குச் சுமார் 40 மாநிலங்களில் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. போனில் இருக்கும் பந்தய ஆப்களில் என்பிஏ (தொழில்முறைக் கூடைப்பந்து), என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) பக்கத்திலேயே கல்லூரி ஆட்டங்களும் இருக்கின்றன.

எந்த அணி ஜெயிக்கும் என்று பணம் கட்டுவது பழைய கதை. எனக்குப் பயம் தருவது 'பிளேயர் ப்ராப்' எனப்படும் வகை: குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரர் 12.5 புள்ளிக்கு மேல் எடுப்பாரா கீழா, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எத்தனை முறை பிடிப்பார் என்று தனி ஆள் மேல் கட்டுவது. இதில் ஓட்டை எங்கே என்றால், 'மேலே' என்று கட்டினால் அவன் உழைக்க வேண்டும், 'கீழே' என்று கட்டினால் அவன் சும்மா இருந்தாலே போதும். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம், அணி தோற்கக்கூட வேண்டியதில்லை. டொரான்டோ ராப்டர்ஸ் அணியின் ஜான்டே போர்ட்டர் 2024 மார்ச்சில் செய்தது இதுதான். உடம்பு சரியில்லை என்று 3 நிமிடத்தில் வெளியேறினார். அவர் சரியாக ஆடமாட்டார் என்று முன்பே தெரிந்த ஒருவர், 11 லட்சம் டாலர் வரும் என்று 80,000 டாலர் கட்டியிருந்தார். பந்தய நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்து பணத்தை நிறுத்தியது, என்பிஏ போர்ட்டரை ஆயுள் முழுக்கத் தடை செய்தது. ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங்கைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் போர்ட்டர் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர். எங்கள் டேபிளில் வந்து படுக்கும் 19 வயதுப் பையன்களுக்கு, அதுவும் சின்னக் கல்லூரிகளில், பெரும்பாலும் உதவித்தொகையைத் தாண்டி ஒன்றும் இல்லை. விளம்பரப் பணமெல்லாம் நட்சத்திரங்களுக்குத்தான். பத்தாயிரம் டாலர் அவனுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று வலை விரிப்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஃபிக்ஸிங்கை விட நான் அதிகம் பார்ப்பது வசவு. ஒரு பையன் ஐஸ் பேக்கைக் காலில் கட்டிக்கொண்டு போனைப் பார்க்கிறான், முகம் மாறுகிறது. என்னவென்றால், வென்மோ என்ற பணம் அனுப்பும் ஆப்பில் ஒருவன் 200 டாலர் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கீழே குறிப்பு: 'நீ ரெண்டு ஃப்ரீ த்ரோ விட்டதால் போன என் பணம்'. இவன் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினான், ஆனால் அடுத்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. அனுப்பியவன் எங்கோ இருப்பவன் என்றும் சொல்ல முடியாது. கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏ 2023-இல் எடுத்த கணிப்பில், 18 முதல் 22 வயதுக்காரர்களில் 58 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் விளையாட்டுப் பந்தயம் கட்டியவர்கள். அதே ஹாஸ்டலில் பக்கத்து அறையாகக்கூட இருக்கலாம்.

ஒஹாயோ மாநிலத்தில் 2023 ஜனவரி 1-இல் பந்தயம் சட்டப்படி தொடங்கியது. அந்த மாதமே டேட்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துக் கோச் ஆன்டனி கிரான்ட், தன் பையன்களுக்கு வரும் வசவுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஆட்டக்காரர்களை மிரட்டுபவர்களைப் பந்தயத்திலிருந்தே தடை செய்ய அங்கே சட்டம் வந்தது. 2024 மார்ச் முதல், கல்லூரி ஆட்டக்காரர் மீதான ப்ராப் பந்தயமே தடை. மேரிலாந்தும் லூசியானாவும் அதே வழியில் போயிருக்கின்றன. எல்லா மாநிலமும் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பந்தய நிறுவனங்கள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. தடை போட்டால் ஆட்கள் சட்டவிரோத புக்கியிடம் போவார்கள், அங்கே யாரும் கண்காணிப்பதில்லை என்பார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. 2023-இல் அலபாமா பேஸ்பால் கோச் மாட்டியதே சின்சினாட்டியில் இருந்த சட்டப்படியான பந்தயக் கவுன்டரில் ஒருவர் சந்தேகப்படும்படி பணம் கட்டப் போனதால்தான். அன்றைக்குத் தொடக்கப் பந்துவீச்சாளர் ஆடமாட்டார் என்ற தகவல், வெளியே வருவதற்கு முன்பே கோச்சிடமிருந்து அந்த ஆளுக்குப் போயிருந்தது. சரி, ஆனால் அந்த ஆள் கட்டப் போனது அலபாமா அணி தோற்கும் என்ற பந்தயம். ப்ராப்பை மட்டும் எடுத்துவிட்டாலும் அந்தக் கவுன்டரும் கண்காணிப்பும் அப்படியேதான் இருக்கும். இன்னொரு பக்கம், ப்ராப் தடை எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2026 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் 26 பேர் மீது வந்த கல்லூரிக் கூடைப்பந்து வழக்கில், ஆட்டத்துக்கு 10,000 முதல் 30,000 டாலர் வரை லஞ்சம் என்பது குற்றச்சாட்டு. அங்கே பணம் பெரும்பாலும் போனது முதல் பாதியில் எத்தனை புள்ளி வித்தியாசம் என்பது போன்ற அணிப் பந்தயங்களில். தனி ஆள் மேல் வரும் வசவும் தனி ஆளுக்கு விரிக்கும் வலையும் குறைந்தால் அதுவே எனக்குப் பெரிது.

அதற்குள் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. ஒரு விஷயம் நடக்குமா நடக்காதா என்று பணம் போட்டு வாங்கி விற்க விடும் கால்ஷி மாதிரியான 'கணிப்புச் சந்தை' நிறுவனங்கள், இது பந்தயமே இல்லை, நிதி ஒப்பந்தம், கூட்டரசு அமைப்பு எங்களைப் பார்த்துக்கொள்கிறது என்று வாதாடுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் பந்தயத்துக்கு 21 வயது ஆக வேண்டும், இங்கே 18 போதும். மாநிலம் தன் சட்டத்தில் என்ன எழுதினாலும் இது பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கை வைக்காமல் இது அடங்காது என்றுதான் தோன்றுகிறது.

அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் அணிகளோடு வேலை செய்கிறார்கள்: மாணவ மேலாளர், வீடியோ, புள்ளிவிவரம், ஃபிசியோ படிப்புக்கான பயிற்சி. என்சிஏஏ விதி ஆட்டக்காரர்களோடு நிற்பதில்லை, அணி வேலையில் இருப்பவர்களையும் கட்டுப்படுத்தும். பந்தயம் கட்டுவதோடு பந்தயக்காரருக்குத் தகவல் கொடுப்பதும் குற்றம். "இன்னைக்கு நம்ம ஸ்டார் ஆடலடா" என்று ரூம்மேட் இருக்கும் வாட்ஸாப் குரூப்பில் போட்டால், அந்த ரூம்மேட் ஆப் வைத்திருந்தால், முடிந்தது கதை. யாராவது கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்டால் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் பிளாக் செய்வதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பெயரும் நேரமும் தெரியும்படி. பல பையன்கள் கோபத்தில் முதலில் அழித்துவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறார்கள். கையில் ஆதாரம் இருந்தால் ஒஹாயோ மாதிரியான மாநிலத்தில் அந்த ஆளின் கணக்கை மூட வைக்க வழி உண்டு. பந்தயத்தை விட முடியாமல் தவிக்கும் நண்பர் இருந்தால் 1-800-கேம்ப்ளர் (1-800-GAMBLER) என்ற உதவி எண்ணைக் கொடுங்கள், கட்டணம் இல்லை.