கையூன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வீடுகளுக்குப் போய் ஃபிசியோதெரபி செய்கிறேன். வயதானவர்களிடம் உடற்பயிற்சி பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "தினமும் ஃபைவ் கார்டன்ஸ் பார்க்ல ரெண்டு ரவுண்டு நடக்கறேனே!" நல்ல விஷயம். ஆனால் காபி கொண்டுவர அவர்கள் எழுந்திருப்பதைத்தான் நான் கவனிப்பேன். சோபாவில் இரு கையும் ஊன்றி, தம் பிடித்து, இரண்டாவது முயற்சியில் எழுவார்கள்.

சமதரையில் நடக்கத் தொடையின் முழு பலமும் தேவையில்லை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மாடியேறவும், தடுக்கினால் சட்டென்று காலை மாற்றிவைத்துச் சமாளிக்கவும்தான் அது வேண்டும். வயதாக ஆக அதிகம் கரைவதும் வேகமாக இயங்கும் தசை இழைகளே. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை நடையோடு விடவில்லை. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, 2 நாளாவது தசைவலுப் பயிற்சி, 3 நாளாவது சமநிலைக்கான பயிற்சி என்கிறது.

மும்பையில் மழை வேறு. ஜூனில் வாக்கிங்கை நிறுத்துகிறவர்கள் செப்டம்பர் வரை டி.வி. முன்னால்தான். நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் படியிறங்கும்போது, "முட்டி பிடிச்சுண்டுடுத்து" என்பார்கள்.

கைப்பிடி இல்லாத டைனிங் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணட்டும். 70–74 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 10 முறைக்குக் கீழே என்றால் விழும் அபாயம் அதிகம்.

இந்தச் சோதனையே பயிற்சியும்கூட. பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, முன்னால் குனிந்து எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஏமாற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாற்றுவார்கள்! "இதெல்லாம் ஒரு எக்ஸர்சைஸாம்மா? நான் தோப்புக்கரணமே போடுவேன்" என்ற மாமிக்கு ஐந்தாவதிலேயே மூச்சு வாங்கியது. சமநிலைக்கு, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகலாம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரமே போதும்.

எழுந்ததும் தலை சுற்றினால் பயிற்சியை நிறுத்துங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறையும் பி.பி. பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்குமேல் இறங்கியிருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.