துளைத்துகள்

போர்வெல் போடும்போது கம்ப்ரசர் காற்றோடு மேலே வரும் பாறைப்பொடிக்கு நிலவியலில் 'கட்டிங்ஸ்' என்று பெயர். வெட்டும்போது உதிர்ந்தவை என்பது பொருள். ஆனால் 'வெட்டுகள்' என்று தமிழாக்கினால் பொருந்தாது. மதுரை வட்டாரத்துக் கடும்பாறையில் ஹேமர் அடிக்க அடிக்க, துளைக்கும் முனையான பிட்டிலுள்ள கார்பைடு குமிழ்கள் பாறையை இடித்து நொறுக்குகின்றன, வெட்டுவதில்லை. தூசி, பொடி என்ற பொருளில் 'துகள்' நம்மிடம் பழைய சொல். அதனால் 'துளைத்துகள்' என்பதே சரி. உடையாத உருளையாக எடுக்கும் 'கோர்' வேறு. அதைப் 'பாறை உள்ளகம்' எனலாம்.

10 அடிக்கு ஒருமுறை கைப்பிடித் துகள் எடுத்து, பையின் மேல் ஆழத்தை எழுத வேண்டும். ஆழம் எழுதாத துகளால் பயனில்லை. கழுவிய பிறகே பாருங்கள். கழுவாவிட்டால் ஒட்டியிருக்கும் மாவு எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாகக் காட்டும். 10 மடங்கு லென்ஸில், எண்ணெய்ப் பசை போன்ற மினுப்போடு நீலச்சாம்பலாக இருந்தால் பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடும்பாறை. வெள்ளை, இளஞ்சிவப்புத் துண்டுகளோடு கருமைக்காவின் (பயோடைட்) செதில் மின்னினால் பெரும்பாலும் நைஸ் என்ற பட்டைப்பாறை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துளி பட்டு நுரைத்தால் பெரும்பாலும் சுண்ணப்பாறை. துண்டின் முகத்தில் துருப்பிடித்த மஞ்சள் கறை தெரிந்தால் அதைத் தவறவிடாதீர்கள், அது பெரும்பாலும் வெடிப்பு வழியே நீர் ஓடிய தடம்.

மேல்மண் சரியாமல் இறக்கும் குழாயான கேசிங் கடும்பாறையில் சரியாக உட்காராவிட்டால் மேல்மண் சரிந்து கீழே விழும். 200 அடியில் திடீரென்று செம்மண் வந்தால் அதை அந்த ஆழத்துக் கணக்கில் எழுதக்கூடாது. லேசான நீர்க்கசிவும் தொல்லைதான்: மாவு பசையாகித் துளைச்சுவரில் வளையம் கட்டும், துகள் மேலேறாமல் நிற்கும், பிறகு ஒரேயடியாக வரும்போது ஆழக்கணக்கு குழம்பிவிடும்.

துளைக்குத் துளை அடுக்குகளைப் பொருத்திப் பார்ப்பது 'கோரிலேஷன்'. புள்ளியியலில் இந்தச் சொல்லுக்கு 'ஒட்டுறவு' என்பார்கள். இங்கே செய்வது பொருத்துவது, அதனால் 'அடுக்குப் பொருத்தம்' என்பதே தெளிவு. பொருத்தும்போது தரையிலிருந்து அளந்த ஆழத்தை நேராக ஒப்பிடக் கூடாது. தரைமட்டம் 142 மீட்டர் உள்ள துளையில் 20 மீட்டரிலும், 134 மீட்டர் உள்ள துளையில் 12 மீட்டரிலும் சிதைவுமண் (பாறை சிதைந்து உண்டான மேலடுக்கு) முடிந்தால், இரண்டுமே கடல்மட்டத்துக்கு மேல் 122 மீட்டர்தான்.

நைஸ் பட்டைகள் சாய்ந்தே கிடப்பதால் நிறம் ஒத்ததை மட்டும் வைத்து ஒரே அடுக்கு என்று முடிவுகட்டாதீர்கள். சிதைவுமண்ணின் அடிமட்டத்தைப் பொருத்துவதே நம்பகமானது. வைகைக் கரை வண்டலில் மணல், களிமண் அடுக்குகளைப் பொருத்த முடியும். அங்கேயும் மணல் சிறிது தூரத்திலேயே மெலிந்து மறையலாம். எனவே இரண்டு துளைகளை நேர்கோட்டால் இணைக்குமுன் நடுவிலுள்ள மூன்றாவது துளையின் துகளையும் பாருங்கள்.