தாடையோரப் பருக்களும் ஹார்மோன்களும்

அல்சூரில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெண்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி, "ஊரில் இருந்தவரை முகம் நன்றாகத்தான் இருந்தது டாக்டர், பெங்களூரு தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ?" என்பதுதான். கூட வந்திருக்கும் அம்மா, உடம்புச் சூடு என்பார். போர்வெல் தண்ணீரின் உப்பு தோலை வறளச் செய்யும் என்பது உண்மையே. ஆனால் 25 வயதைத் தாண்டிய ஒருவருக்குத் தாடையோரத்திலும் முகவாயிலும் தொட்டாலே வலிக்கும் கட்டிப்பருக்கள் மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னதாகக் கிளம்பி, வந்த இடத்திலேயே மாதந்தோறும் திரும்ப வருமானால், தண்ணீரை விட்டுவிட்டு ஹார்மோன்களைப் பற்றித்தான் நான் விசாரிப்பேன்.

மயிர்க்கால்களை ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை இயக்குபவை ஆண்ட்ரோஜன்கள். ஆண் ஹார்மோன் என்று பெயர் பெற்றிருந்தாலும், பெண்களின் சினைப்பைகளும் அட்ரீனல் சுரப்பிகளும் இவற்றை இயல்பாகவே சுரக்கின்றன. டெஸ்டோஸ்டீரோன் தோலை அடைந்ததும், அங்குள்ள ஒரு நொதி அதை இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றுகிறது. சுரப்பி பெருத்து எண்ணெய் கூடுகிறது. துவாரத்தை இறந்த செல்கள் அடைத்துக்கொள்ள, தேங்கிய எண்ணெயில் பாக்டீரியாக்கள் பெருகி வீக்கமும் சீழும் உண்டாகின்றன. பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் வருகிறது என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்ட்டன் 1941இலேயே எழுதியிருக்கிறார்.

"ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், அப்படியானால் ஹார்மோன் காரணமில்லையே" என்று சிலர் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். பரு உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு சரியாகவே இருக்கும். அந்தச் சாதாரண அளவுக்கே அவர்களுடைய சுரப்பிகள் மிகையாகத் துள்ளுகின்றன என்பதுதான் விஷயம். ஆகவே எல்லாருக்கும் பரிசோதனை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாதவிடாய் 35 நாட்களைத் தாண்டித் தள்ளிப்போகிறதா, முகவாயில் முரட்டு முடி வளர்கிறதா, உச்சந்தலையில் வகிடு அகலமாகிறதா, பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பின்கழுத்துக் கறுப்பை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். ரத்தத்தில் இன்சுலின் உயரும்போது, சினைப்பைகள் கூடுதலாக ஆண்ட்ரோஜனைச் சுரப்பதோடு, அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதமும் குறைந்துவிடுவதால், பருவும் மாதவிடாய்க் குழப்பமும் சேர்ந்தே வருகின்றன. நாம் நீர்க்கட்டி என்று சொல்லும் பி.சி.ஓ.எஸ். பலருக்கு இப்படித்தான் வெளிப்படுகிறது. இத்தகையவர்களுக்கு மாதவிடாயின் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் ரத்தம் எடுப்பது நல்லது; கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்தில் எடுத்தால் முடிவை நம்ப முடியாது.

உணவில், அம்மாக்கள் குற்றம் சாட்டும் நிலக்கடலையைவிட, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் இனிப்புகளும் குளிர்பானங்களும் நள்ளிரவு பரோட்டாவுமே எனக்குக் கவலை தருகின்றன. ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கு முதுகிலும் மார்பிலும் திடீரென்று பரு கொப்பளித்தால், புரதப் பவுடரையும், தசை வளர்க்கப் போட்டுக்கொண்டு சொல்லத் தயங்கும் ஹார்மோன் ஊசிகளையும் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'சிவப்பழகு' கிரீம்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை. ஸ்டீராய்டும் ஒரு ஹார்மோனே. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்றிருக்கும். பிறகு ஒரே மாதிரியான சிறு பருக்கள் கொத்தாக எழும்பி, தோல் மெலிந்து சிவந்து, கிரீமை நிறுத்தினால் எரியத் தொடங்கும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் விற்பனை நின்றபாடில்லை. காலியானதானாலும் அந்த ட்யூபை எடுத்து வந்தால், எனக்கு விசாரணை பாதியாகக் குறையும்.

சிகிச்சையில், பூசும் ரெட்டினாய்டு, பென்சாயில் பெராக்சைடு ஆகியவற்றோடு, தேவைப்படும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையோ, ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோ சேர்க்கிறோம். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். மூன்றாவது வாரத்திலேயே மருத்துவரை மாற்றுபவர்களுக்கு எந்த மருந்தும் வேலை செய்ய வாய்ப்பில்லை. திருமணம் நிச்சயமானவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் கர்ப்ப காலத்தில் கூடாது. கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்திய பின்னும் ஒரு மாதமாவது கருத்தரிக்கக் கூடாது.