வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சுத் தசையையும் பார்க்க வேண்டும்

ஐசியுவில் வென்டிலேட்டர் போட்டவரின் நுரையீரலைத் தினமும் பார்க்கிறோம். எக்ஸ்ரே எடுக்கிறோம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிறோம், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறோம். மூச்சை இழுக்கும் தசையைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. நுரையீரல் தெளிந்துவிட்டது என்று காலையில் டியூபை எடுத்து, மாலைக்குள் மூச்சு வாங்கி மறுபடியும் டியூப் போட நேரும்போதுதான் அதன் நினைவு வருகிறது. கட்டிலருகிலேயே, ஊசி குத்தாமல், கதிர்வீச்சு இல்லாமல், சில நிமிடங்களில் அந்தத் தசையைப் பார்த்துவிட அல்ட்ராசவுண்ட் போதும்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம்தான் அந்தத் தசை. பிறந்த நாள் முதல் ஓயாமல் வேலை செய்து பழகியது. மாவுக்கட்டு போட்ட கால் சில வாரங்களில் சூம்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். உதரவிதானம் அவ்வளவு நாள் கூடத் தாங்குவதில்லை. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரின் உதரவிதானத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு, 2008இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. தசை அசையாமல், வென்டிலேட்டரே முழுக்க மூச்சு கொடுத்த நேரம் 18 முதல் 69 மணி நேரம்தான். அதற்குள் தசை இழைகளின் குறுக்களவு பாதிக்கும் கீழே போயிருந்தது.

சரி, ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கினால் போதுமா என்றால், அதுவும் ஆபத்துதான். கனடாவின் டொரோண்டோவில் வென்டிலேட்டரில் இருந்த 107 நோயாளிகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்ததில், 44 சதவீதம் பேருக்கு முதல் வாரத்திலேயே தசை 10 சதவீதத்துக்கு மேல் மெலிந்திருந்தது. 12 சதவீதம் பேருக்குத் தடித்திருந்தது. அளவுக்கு மீறி உழைத்த தசை காயப்பட்டுத் தடிக்கலாம் என்று கருதுகிறார்கள். 2018இல் அதே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மெலிந்தவர்களுக்கும் தடித்தவர்களுக்கும் வென்டிலேட்டரிலிருந்து விடுபடக் கூடுதல் நாள் ஆனது. முதல் சில நாட்களில் தசை மிதமாக வேலை செய்தவர்களே சீக்கிரம் விடுபட்டார்கள்.

நாங்கள் பார்ப்பது இப்படித்தான். நோயாளியின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வலது அக்குளுக்கு நேர் கீழே, எட்டாவது ஒன்பதாவது விலா எலும்புகளுக்கு இடையில் ஜெல் தடவி லீனியர் புரோபை, அதாவது ஸ்கேன் மெஷினின் தட்டையான முனையை, வைப்போம். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும். நடுவில் இருக்கும் கருமையான பட்டைதான் உதரவிதானம். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மூச்சை இழுக்கும்போது அது தடிக்கும், விடும்போது மெலியும். விட்ட நிலையில் 2.0, இழுத்த நிலையில் 2.6 என்றால் 30 சதவீதம் தடித்திருக்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் தசை பலவீனமாக இருக்கிறதோ என்று சந்தேகப்படுவோம். 30ஐத் தாண்டினால் டியூபை எடுப்பதில் நம்பிக்கை கூடும்.

எங்கள் பக்கத்தில் இது மிகவும் கைகொடுப்பது பூச்சிமருந்து விஷம் ஏறி வருபவர்களிடம்தான். ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்தில் எச்சில், வியர்வை எல்லாம் அடங்கி, ஆள் தெளிந்துவிட்டார் என்று நினைக்கும் நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். கூடவே மூச்சும் தளரும். 1987இல் இதைத் தனி நிலையாக எழுதிவைத்தவர்கள் இலங்கையைச் சேர்ந்த சேனநாயக்கவும் கரல்லியத்தவும். இந்த விஷத்துக்குக் கொடுக்கும் அட்ரோபின் மருந்தால் இந்தத் தளர்ச்சி தீராது. தசை மீளும்வரை வென்டிலேட்டர்தான் துணை. எப்போது மீள்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு நாளும் ஸ்கேனில் தேடுகிறோம்.

அப்படி ஒருவருக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி கேட்டார்: “தம்பி, மெஷின் மூச்சு விடுதா, அவரா விடுறாரா?”

“ரெண்டும்தாம்மா. அவரா எவ்வளவு இழுக்கிறாருன்னுதான் இதுல பாக்குறேன்” என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். கோடுகளுக்கு நடுவே பட்டை லேசாகத் தடிப்பதை அவராலும் பார்க்க முடிந்தது. முந்தின நாள் அந்த அசைவு அநேகமாக இல்லை. ஆனாலும் அன்று நான் டியூபை எடுக்கவில்லை, கழுத்தில் இன்னும் பலம் வரவில்லை. ஸ்கேன் சொல்வதும் ஆளைத் தொட்டுப் பார்த்தால் தெரிவதும் ஒத்துப்போக வேண்டும்.

ஏனென்றால் இந்த அளவீடு எளிதில் ஏமாற்றும். மேலே சொன்ன 2.6ஐ 2.4 என்று அளந்துவிட்டால் 30 சதவீதம் 20 ஆகிவிடும். நூலளவு பிழைதான், முடிவே தலைகீழ். அதனால் புரோப் வைத்த இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துவைக்கச் சொல்கிறேன், குறைந்தது மூன்று மூச்சுகளை அளந்து சராசரி எடுக்கச் சொல்கிறேன். விலாவுக்குக் கீழிருந்து உதரவிதானம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் இன்னொரு முறையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளினாலே உதரவிதானம் இறங்கும், செயலிழந்திருந்தாலும் இறங்கும். நோயாளி மெஷின் உதவியில்லாமல் டி-பீஸில், அதாவது டியூபில் ஆக்சிஜன் குழாயை மட்டும் இணைத்து, மூச்சு விடும்போது அளந்தால்தான் அதற்கு அர்த்தம். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இறங்கினால் கவலைப்பட வேண்டும். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இடது பக்கத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு ஒரு பக்கம் மட்டும் அடிபட்டிருக்கலாம்.

மார்பெலும்பை ஒட்டி, இரண்டாவது விலா இடைவெளியில் உள்ள தசையையும் பார்ப்பது நல்லது. சாதாரண மூச்சில் அது தடிப்பது மிகக் குறைவு. 10 சதவீதத்துக்கு மேல் தடித்தால், உதரவிதானத்தால் முடியாத வேலையை அது இழுத்துப்போட்டுச் செய்கிறது என்று பொருள். இருமிச் சளியைத் தள்ள வயிற்றுத் தசைகள் வேண்டும் என்பதால் அவற்றையும் இப்போது ஸ்கேனில் பார்க்கிறார்கள்.

பல ஐசியுக்களில் அல்ட்ராசவுண்ட் மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. ரத்தக்குழாயில் ஊசி ஏற்ற எடுக்கும் அதே மெஷின், அதே புரோப். 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவைச் சாக்காக வைத்து அலமாரியில் பூட்டிவைக்கும் இடங்களும் உண்டு, அது எனக்கு வருத்தம் தருகிறது. பதிவை முறையாகச் செய்துவிட்டு மெஷினைக் கட்டிலருகே கொண்டுவர வேண்டும்.

குடும்பத்தினரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “தூங்கட்டும் டாக்டர், பாவம், மயக்கத்திலேயே வச்சிடுங்க” என்று கெஞ்சுகிறீர்கள். அந்தத் தவிப்பு புரிகிறது. நுரையீரல் மிக மோசமாக இருக்கும் முதல் நாட்களில் ஆழ்ந்த மயக்கம் தேவைப்படலாம். அதன் பிறகு மயக்க மருந்தைக் குறைத்துத் தானாக மூச்சு இழுக்க விட்டால்தான் தசை பிழைக்கும். மருந்தைக் குறைக்கும் நாளில் அவர் கண் திறந்து கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். பார்வை நேரத்தில் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து, எங்கே இருக்கிறார் என்று அவர் பெயர் சொல்லிப் பேசுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது “இன்னிக்கு எவ்வளவு மூச்சு அவரா விடுறார், உதரவிதானத்தைப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள்.