ஒரே மரபணு, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று

மும்பை மாட்டுங்காவில் ஒரே வீட்டுச் சமையலில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் லிப்பிட் புரொஃபைல் என்னும் இரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுத்தால், முடிவுகள் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. அளவுகோலே இருவருக்கும் வேறு: ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல்., ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு ஆணுக்கு 40 மில்லிகிராமுக்கும் பெண்ணுக்கு 50 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தால் குறைவு எனக் கொள்ளப்படுகிறது.

‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். துகள்களை இரத்தத்திலிருந்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ளன. இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். பெண்களிடம் மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இந்த ஏற்பிகளைப் பெருக்குகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுவதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒரு காரணம். மாரடைப்பு ஆண்களின் நோய் என்று நம் வீடுகளில் இன்னும் நம்பப்படுவது, இந்த இடைக்காலப் பாதுகாப்பை நிரந்தரமாக எண்ணிக்கொள்வதால்தான்.

மரபணுவின் விளைவையும் ஆண்-பெண் பால் வேறுபாடு மாற்றிவிடுகிறது என்பதற்கு, 19ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.ஓ.ஈ. மரபணுவைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வடிவங்கள் கொண்ட இது உருவாக்கும் புரதம், உணவுக்கொழுப்பைச் சுமந்து திரியும் துகள்களின் எச்சங்களைக் கல்லீரல் அடையாளம் காண உதவும் முகவரிச் சீட்டு போன்றது. ஈ4 பொதுவாக எல்.டி.எல். அளவை உயர்த்துகிறது. ஈ2 வடிவமோ ஏற்பியுடன் சரியாகப் பிணைவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஈ2 பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு எல்.டி.எல். குறைவாகவே இருக்கும், ஆனால் சிலருக்கு, உடற்பருமன், நீரிழிவு, தைராய்டு குறைபாடு போன்ற இன்னொரு சுமை சேரும்போது, எச்சத் துகள்கள் இரத்தத்தில் தேங்கி, உள்ளங்கை ரேகைகளில்கூட மஞ்சள் கொழுப்பாகப் படிகின்றன. இந்நோய் ஆண்களிடம் நடுவயதிலேயே தோன்றக்கூடும். பெண்களிடம் மாதவிடாய் நிற்கும்வரை அரிது.

கொழுப்பு உடலில் எங்கே சேர்கிறது என்பதிலும் இவ்வாறே. இடை-இடுப்பு விகிதத்தோடு தொடர்புடைய 49 மரபணு இடங்களை 2015இல் வெளியான ஓர் ஆய்வு அடையாளம் கண்டது. அவற்றில் 20 இடங்களின் விளைவு பாலுக்கேற்ப வேறுபட்டது, அந்த இருபதில் 19 பெண்களிடமே வலுவாக இருந்தன. தெற்காசியரிடம் வயிற்றுக்கொழுப்பும், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் மிகுந்தும் எச்.டி.எல். குறைந்தும் இருப்பது பரவலாகையால், இந்தியருக்கான இடைச்சுற்றளவு வரம்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என இறக்கி வைக்கப்பட்டுள்ளது. மின்சார ரயிலில் நின்றே பயணம் செய்யும் மும்பைத் தமிழருக்கும் இதில் சலுகை இல்லை.

ஹார்மோன்களை நீக்கினாலும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பொதுவாகப் பெண்ணுக்கு இரு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். விரைகளை உருவாக்கும் மரபணுவை ஒய் குரோமோசோமிலிருந்து வேறொரு குரோமோசோமுக்கு மாற்றிய எலிகளில், இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றிய பிறகும், இரு எக்ஸ் குரோமோசோம் கொண்டவையே அதிகம் கொழுத்தன. இரண்டாம் எக்ஸ் பெரும்பாலும் முடக்கப்பட்டாலும், அதிலுள்ள சில மரபணுக்கள் முடங்காமல் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றான கே.டி.எம்.5சி மரபணுவின் அளவைப் பெண் எலிகளில் பாதியாகக் குறைத்தபோது, உடற்கொழுப்பும் குறைந்தது.